பசியை அடக்கும் ஊசியும் பழைய சாப்பாட்டுக் கோளாறும்

எடை குறைக்கும் ஊசி எழுதித் தருவதற்கு முன் மருத்துவர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பித்தப்பையில் கல் இருந்ததா, கணைய அழற்சி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோயா. "எப்போதாவது நாள்கணக்கில் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருந்திருக்கிறீர்களா? சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றிய காலம் உண்டா?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காததை நாமாகச் சொல்வதும் வழக்கமில்லை, அதுவும் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது. ஆனால் இந்த மருந்து ஒருவருக்கு ஆகுமா ஆகாதா என்பதை மற்ற எந்தக் கேள்வியைவிடவும் அதிகமாக முடிவுசெய்யக்கூடியது அந்தப் பதில்தான்.

சாப்பாட்டுக் கோளாறு என்று இங்கே சொல்வது மனநல மருத்துவத்தில் தனிப் பெயர் பெற்ற நோய்களை. எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவை ஒடுக்கிக்கொண்டே போவது அனோரெக்ஸியா. குறுகிய நேரத்தில் கட்டுமீறிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, அளவுகடந்த உடற்பயிற்சி என்று ஏதாவதொன்றால் அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. அதே கட்டுமீறல் இருந்து, ஈடுகட்டுவது இல்லாமல் போனால் பிஞ்ச் ஈட்டிங். சராசரியாக வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து நடந்தால் அதை நோய் என்று கணக்கில் எடுக்கிறார்கள். கல்யாண வீட்டில் இரண்டு பந்தி சாப்பிடுவது பிஞ்ச் ஆகாது. கதவைச் சாத்திக்கொண்டு, ருசிகூடத் தெரியாத வேகத்தில், நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, பிறகு கூசிப் போவதுதான் அது.

பலர் தவறவிடும் ஒன்று: உடம்பைப் பார்த்து இந்த நோய்களைக் கண்டுபிடிக்க முடியாது. நூறு கிலோவிலிருந்து பட்டினியால் எழுபதுக்கு வந்தவருக்கு அனோரெக்ஸியாவின் எல்லாக் கேடும் இருக்கலாம். நாடித்துடிப்பு குறைந்து, மாதவிடாய் நின்று, மயக்கம் வந்துகொண்டிருக்கலாம். எடை இயல்பான அளவில் இருப்பதால் வீட்டில் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். "இளைச்சுப் போயிட்டியே" என்பது ஒரு காலத்தில் கவலையின் சொல். இப்போது அதைக் கேட்டால் நன்றி சொல்கிறோம்.

மருந்து என்ன செய்கிறது

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டுவது, வயிறு காலியாகும் வேகத்தைக் குறைப்பது, "போதும்" என்று மூளைக்குச் சொல்வது ஆகியவை அதன் வேலைகள். இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடு அதன் நகலைப் போன்றது. உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒரே ஊசி. மற்றொரு ஊசியான டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இந்தியாவில் டிர்செபடைடு மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், எடைக்கென்றே வந்த செமாகுளுடைடு விகோவி என்ற பெயரில் 2025 ஜூனிலும் கடைக்கு வந்தன.

விகோவி 0.25 மி.கி.யில் தொடங்கும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை 0.5, 1, 1.7 என்று ஏறி 2.4-இல் நிற்கும். 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு எடை இறங்கியது. டிர்செபடைடின் உச்ச அளவான 15 மி.கி.யில் 72 வாரத்தில் சுமார் 21 விழுக்காடு. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் பார்க்கப்பட்டிருக்கிறது: செமாகுளுடைடை விட்ட ஓராண்டில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருந்தை எடுத்தவர்கள் அடிக்கடி சொல்வது, தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு ஒரே வாரத்தில் நின்றுபோனது என்று. பிஞ்ச் ஈட்டிங்கில் வருடக்கணக்காக அல்லாடியவருக்கு அது பெரிய விடுதலையாகத் தோன்றும், சில சமயம் உண்மையிலேயே விடுதலைதான். அனோரெக்ஸியாவிலிருந்து தேறியவருக்கு அதே மௌனம் ஆபத்து.

பசி எதற்காகத் தேவைப்படுகிறது

இதைப் புரிந்துகொள்ள 1944-45-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். போருக்குப் பின் பஞ்சத்தில் வாடுவோரை எப்படித் தேற்றுவது என்று அறியத்தான். அவர்கள் தங்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். அதோடு நிற்கவில்லை. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், தட்டில் இருந்ததைத் துணுக்குத் துணுக்காக்கி மணிக்கணக்கில் தின்றார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் நிறைவில்லாமல் தவித்தார்கள். நோயின் குணம் என்று நாம் நினைக்கும் பலவும் பட்டினியின் குணம் என்று அங்கே தெரிந்தது.

இன்றைய சிகிச்சை இதன் மேல்தான் நிற்கிறது. புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவது கடிகாரம்: மூன்று வேளை உணவு, இரண்டு மூன்று சிறு தீனி, நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லை. பகலில் பட்டினி விழாவிட்டால் இரவில் கட்டுமீறல் பாதி தானாகவே அடங்கும். சில மாதங்களில், கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டவர் மெல்ல மெல்லப் பசியைப் பார்த்துச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறார். அனோரெக்ஸியாவில் இது இன்னும் கடினம். பசியை எதிரியாகவே பார்த்துப் பழகிய மனம் அதை நம்பத் தொடங்கவே ஆண்டுகள் ஆகலாம்.

இப்போது ஊசியைப் போட்டால், உடம்பு குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆனால் குறைவாகச் சாப்பிடுகிறோம் என்று சொல்லும் குரல் கேட்காது. மின்னசோட்டா இளைஞர்களுக்காவது பசி கத்திக்கொண்டிருந்தது. ஆகவே கேட்க வேண்டியது "எனக்கு எடை இறங்குமா" என்பதை அல்ல, பெரும்பாலோர்க்கு இறங்கத்தான் செய்யும். பசி பேசாத மாதங்களில் என் சாப்பாட்டுக்கு யார் காவல் என்பதே கேள்வி.

யாருக்கு வேண்டாம், யாருக்குப் பேசிப் பார்க்கலாம்

அனோரெக்ஸியா இப்போது இருந்தாலோ, அண்மையில் இருந்தாலோ வேண்டாம். எடை அதிகமாக இருந்து பட்டினி கிடக்கும் வகைக்கும் இதே பதில்தான். இந்த நோயில் எடை இறங்குவதே தூண்டில் முள். காய்ச்சலால் இறங்கினாலும், மருந்தால் இறங்கினாலும், பழைய மனநிலை கூடவே வந்துவிடக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் அனோரெக்ஸியா இருந்து, இன்று சர்க்கரையோ கல்லீரல் கொழுப்போ வந்து நிற்பவருக்கு விஷயம் சிக்கலானது. அவரும் தனியாக ஒரு ஓபி சீட்டோடு முடிவெடுக்கக் கூடாது.

வாந்தியெடுக்கும் பழக்கம் இப்போதும் இருக்கும் புலிமியாவுக்கும் வேண்டாம். இந்த ஊசிகளின் முதல் பக்கவிளைவே குமட்டலும் வாந்தியும். தானாக வரும் வாந்தியும் வரவழைக்கும் வாந்தியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், எது எது என்று நோயாளிக்கே தெரியாமல் போகும். இரண்டும் சேர்ந்து பொட்டாசியத்தைக் கீழே இழுக்கும். பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தடம்மாறும். "ஊசியால்தான் வாந்தி" என்பது வீட்டில் யாரும் மறுத்துப் பேச முடியாத சாக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

பிஞ்ச் ஈட்டிங்தான் உண்மையாகவே உட்கார்ந்து பேச வேண்டிய இடம். கட்டுமீறல் குறைவதாகச் சில சிறிய, குறுகிய கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எந்த ஜிஎல்பி-1 மருந்தும் பிஞ்ச் ஈட்டிங்குக்கான மருந்தாக அங்கீகரிக்கப்படவில்லை. கட்டுமீறல் பசியால் வருகிறதா, மனவலியால் வருகிறதா என்று பார்ப்பது இங்கே பயனுள்ளது. பகல் முழுக்கக் காபியில் ஓட்டிவிட்டு இரவு பதினோரு மணிக்குப் பிரிட்ஜைத் திறப்பவருக்கு, மருந்து பகல் பட்டினியை இன்னும் சுலபமாக்கிக் கொடுக்கும். சண்டை, தனிமை, அவமானம் ஆகியவற்றுக்குப் பின் சாப்பிடுபவருக்கு, மருந்து சாப்பாட்டை நிறுத்தும், அந்த வலியை நிறுத்தாது. அது வேறு வழி தேடும்.

எத்தனை மாதம் நலமாக இருந்தால் போதும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு கிடையாது. மாதத்தை எண்ணுவதைவிட இவற்றைப் பார்ப்பது மேல்: பசிக்காத நாளிலும் மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களா? எடை இரண்டு கிலோ ஏறியபோது என்ன செய்தீர்கள்? காய்ச்சலில் இளைத்தபோது உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்ததா? சஷ்டி, ஏகாதசி, சனிக்கிழமை என்று விரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வருகின்றனவா? கடைசிக் கேள்விக்கு வெளியிலிருந்து பார்ப்பவரால் பதில் சொல்ல முடியாது. பக்தி எது, சாக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐந்து கேள்விப் பரிசோதனை ஒன்றும் உண்டு. 1999-இல் பிரிட்டனில் வந்தது. வயிறு சங்கடமாக நிறைந்துவிட்டதென்று வாந்தியெடுக்கச் செய்கிறீர்களா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிவிட்டதென்று கவலையா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இறங்கியதா, மற்றவர்கள் ஒல்லி என்னும்போது நீங்கள் குண்டு என்று நம்புகிறீர்களா, சாப்பாடே வாழ்க்கையை ஆட்டிவைக்கிறதா. இரண்டுக்கு ஆம் என்றால் முறையான மதிப்பீடு தேவை. மருந்து தொடங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட பிறகு மூன்றாவது கேள்விக்குப் பலரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

உடல் எடைக் குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ கணக்கு) 27-க்குக் கீழே இருப்பவருக்கும், 27-க்கும் 30-க்கும் நடுவில் இருந்து சர்க்கரை, பிரஷர் போன்ற துணைநோய் எதுவும் இல்லாதவருக்கும், எடைக்காக இந்த மருந்துக்குள்ள அனுமதியே பொருந்தாது. நிச்சயதார்த்தத்துக்கு முன் ஐந்து கிலோ என்று கேட்டு வருபவருக்குப் பழைய கோளாறும் இருந்தால், இங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

மற்ற மருந்துகள், சுருக்கமாக

புப்ரோபியான் கலந்த எடைமருந்து அனோரெக்ஸியாவோ புலிமியாவோ உள்ளவருக்குக் கூடவே கூடாது, வலிப்பு வரும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். புப்ரோபியான் மனச்சோர்வுக்கும், சிகரெட்டை விடுவதற்கும் தரப்படும் மருந்து என்பதால், அங்கேயும் பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்லிஸ்டாட் உணவுக் கொழுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உறிஞ்சவிடாமல் எண்ணெய்ப் பேதியாக வெளியேற்றுகிறது. ஈடுகட்டும் பழக்கம் உள்ளவர் கையில் அது இன்னொரு பேதி மாத்திரை. வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் டோபிராமேட் பசியைக் குறைக்கும், யோசனையை மந்தமாக்கும், கர்ப்பத்தில் குழந்தைக்குக் கேடு. பெயரே இல்லாத "மூலிகை ஸ்லிம்மிங்" பொடிகளைப் பற்றி ஒரே வரி: 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதய ஆபத்துக்காக விலக்கப்பட்ட சிபுட்ராமின் இத்தகைய பொடிகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓலன்சபின், மிர்டாசபின், வால்புரோயேட் போன்ற மனநல மருந்துகள் தாமே எடையை ஏற்றும். அப்படியானால் முதலில் பேச வேண்டியவர் மனநல மருத்துவர். மாற்று மருந்து இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

கதை முழுவதும் வேண்டாம், நான்கு வரி போதும். "எனக்கு 19 வயதில் புலிமியா இருந்தது. கடைசியாக வாந்தியெடுத்தது மூன்று வருடத்துக்கு முன். இப்போது வாரம் ஒரு தடவை கட்டுமீறிச் சாப்பிடுகிறேன். இந்த மருந்து எனக்குப் பாதுகாப்பா, யார் கூடவே கண்காணிப்பார்கள்?" வீட்டார் கூட வந்திருந்தால், "டாக்டர், இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நோயின் பெயர் தெரியாவிட்டால் செய்ததைச் சொல்லுங்கள், பெயர் வைப்பது அவர் வேலை. "அதெல்லாம் ஒன்றுமில்லை, ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று பதில் வந்தால், இன்னொரு மருத்துவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

சரி என்று முடிவானால்

எழுதித் தருபவரும், மனநல மருத்துவர் அல்லது உளவியல் ஆலோசகரும், முடிந்தால் சாப்பாட்டுக் கோளாறு தெரிந்த ஒரு டயட்டீஷியனும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். எல்லோரும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை, வீடியோவில் பார்க்கலாம். முதல் ஊசிக்கு முன் பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், சோடியம், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, ரத்த அணுக்களின் அளவு, பி12 ஆகியவற்றோடு ஒரு ஈசிஜி. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம். அளவை ஏற்றும் ஒவ்வொரு முறையும் நேரில் பார்ப்பது நல்லது. வாந்தி தொடர்ந்தால் பொட்டாசியத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு அட்டவணையை ஊசிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எட்டு மணிக்கு இட்லி சாம்பாரோ முட்டையோ, பதினொன்றுக்கு மோரும் சுண்டலும், ஒன்றரைக்குச் சோறு, நாலரைக்குத் தீனி, எட்டுக்கு இரவு உணவு; நேரம் உங்கள் வேலைக்கு ஏற்ப மாறலாம், இடைவெளி மாறக் கூடாது. ஊசி வந்தபின் அளவு சிறுக்கலாம், வேளை குறையக் கூடாது. போனில் அலாரம் வையுங்கள், ஏனென்றால் வயிறு நினைவூட்டாது. ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, தயிர், மீன், முட்டை, பனீர் என்று ஏதாவதொரு புரதம் முதலில் உள்ளே போகட்டும். எடை இறங்கும்போது தசையும் சேர்ந்தே கரையும். பூரி, பிரியாணி போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் குமட்டலைக் கூட்டும் என்பதால் இரவில் குறையுங்கள், ஆனால் "சாப்பிடக் கூடாதவை" என்று பட்டியல் போட வேண்டாம். அந்தப் பட்டியல் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குத் தெரியும். கலோரி எண்ணும் செயலியும் அப்படித்தான்.

எடை பார்ப்பது மருத்துவமனையில் மட்டும், திரையைப் பார்க்காமல், முதுகைத் திருப்பி நின்றும் பார்க்கலாம். வீட்டு எடைமெஷினை யாரிடமாவது கொடுத்துவிடுவது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் காலையில் மூன்று தடவை ஏறி இறங்கியவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

உச்ச அளவுக்கு ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டுமீறல் அடங்கி, வேளைகளும் தவறாமல் நடக்கும் அளவு 0.5 மி.கி. என்றால் அங்கேயே நிற்கலாம். ஏற்ற வேண்டும் என்று நீங்களே அவசரப்படத் தொடங்கினால் அதை ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளோடு வரும் சிக்கல்கள் குறிப்பானவை. இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர் வாந்தியால் நீர்வறட்சி அடைந்தால் லித்தியம் ரத்தத்தில் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வேளை தவறினால் சர்க்கரை சடாரென்று இறங்கும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை நோய் மருந்துகளை எடுப்பவர் பட்டினி கிடந்தாலோ வாந்தியெடுத்தாலோ, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகலாம். டிர்செபடைடு தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு ஏறும்போதும் நான்கு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. செமாகுளுடைடை, கர்ப்பத்துக்கு முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

எங்கே தவறிப் போகிறது

பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது மாதத்தில். குமட்டல் பழகிவிட்டிருக்கும், உடை தளர்ந்திருக்கும், அலுவலகத்தில் எல்லோரும் "என்ன சீக்ரெட்" என்று கேட்பார்கள். முதலில் பதினொரு மணித் தீனி போகும், பிறகு காலை உணவு. பசியே இல்லையே, எதற்குச் சாப்பிட வேண்டும் என்பது நியாயமாகவே தோன்றும். மாதவிடாய் தள்ளிப் போவது, கொத்தாக முடி உதிர்வது, எழும்போது கண் இருட்டுவது, எப்போதும் குளிர்வது, வீட்டாரோடு சாப்பிடுவதைத் தவிர்ப்பது: இவற்றில் இரண்டு சேர்ந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேண்டுமென்றே ஒரே ஒரு முறை வாந்தியெடுத்தாலும் அப்படித்தான். முன்கூட்டியே ஒருவரிடம், அக்காவோ கணவரோ அறைத்தோழியோ, "நான் இப்படி ஆனால் நீ கேட்க வேண்டும், நான் கோபப்பட்டாலும் கேட்க வேண்டும்" என்று சொல்லி வைப்பது பலன் தரும்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி, முதுகு வரை பாயும் கடும் வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்போடு மயக்கம் என்றால் நேராக அவசரப் பிரிவு. அங்கே ஊசியையும் பழைய கோளாறையும் இரண்டையும் சொல்லுங்கள். மனம் தாங்காத இரவுகளுக்கு இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926.

வேண்டாம் என்று முடிவானால், நிறுத்த நேர்ந்தால்

ஊசி இல்லையென்றால் சிகிச்சையே இல்லை என்று ஆகாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இருக்கிறது, பிரஷருக்கும் கொழுப்புக்கும் தனி மருந்துகள் இருக்கின்றன; இவற்றுக்கெல்லாம் எடை இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புலிமியாவுக்கு ஃபுளுவாக்சடின் நாளொன்றுக்கு 60 மி.கி. வரை மனநல மருத்துவர் தரும் மருந்து. பிஞ்ச் ஈட்டிங்குக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. கட்டுமீறல் அடங்கிய பிறகு ஊசியைப் பற்றி மீண்டும் பேசலாம். அதற்குள் தேவைப்படாமலும் போகலாம்.

நிறுத்துவதற்கான திட்டம், தொடங்கும் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம் தீரலாம், கடையில் இல்லாமல் போகலாம், கர்ப்பம் வரலாம். செமாகுளுடைடு உடம்பை விட்டுப் போக ஐந்து முதல் ஏழு வாரம்வரை ஆகும். அந்த வாரங்களில் பசி படிப்படியாகத் திரும்பும், பலருக்கு அது கட்டுமீறல் திரும்பிவிட்டது போலவே தோன்றும். மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பும் என்ற முன்சொன்ன எண் இங்கேதான் கடிக்கும். எடை ஏறுகிறது என்ற பீதியில் பட்டினி தொடங்கினால் பழைய சுழல் முழுசாக வந்துவிடும். ஆகவே கடைசி ஊசிக்குப் பிறகு நான்காவது வாரத்திலும் எட்டாவது வாரத்திலும் ஆலோசகரிடம் நேரம் வாங்கி வைத்துவிடுங்கள். அட்டவணையை மாற்றாதீர்கள், அளவை மட்டும் பசிக்கேற்ப ஏற்றுங்கள். அலாரமும் இன்னும் சில மாதம் அடிக்கட்டும்.